லாண்டரிக்காரரின் மஞ்சள் சீட்டு

எங்கள் கட்டடத்து லிஃப்டுக்கு ஒரு குணம். கம்பிக் கதவை முழுக்க இழுத்துச் சாத்தினால்தான் நகரும். ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் முரண்டு பிடித்துக்கொண்டு அதே இடத்தில் நிற்கும். எனக்கும் ஒரு குணம் உண்டு என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள். இரண்டாவது மாடியில் என் வீட்டுக்கு இறங்கும்போது ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே என்று நின்றுகொண்டு, கூட வந்தவரின் பூர்வோத்தரத்தை முழுசாக வாங்காமல் கதவைச் சாத்த விடமாட்டேனாம். மேல் மாடிக்காரர்கள் சிலர் என்னைக் கண்டால் படியேறிப் போகிறார்கள். போகட்டும், உடம்புக்கு நல்லது.

மூன்றாவது மாடிக்கு ஒரு பெண் குடிவந்தபோதும் என் கடமையை நான் விடவில்லை. பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை. கூட ஒரு சின்னப் பெண், ஒன்றாம் வகுப்பு. ஒரு இடத்தில் உட்காராது என்பதால் நான் வைத்த பெயர் குருவி. கதவில் பெயர்ப்பலகை கிடையாது. வருவார் போவார் கிடையாது. ஜன்னல் திரை பகலிலும் மூடியே இருக்கும். எனக்குச் சோறு இறங்குமா?

ஒருநாள் லிஃப்டில் பார்த்தேன். வலது கை சும்மா தொங்க, இடது கையால் கம்பிக் கதவை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"வலது கையில என்னம்மா?"

"மணிக்கட்டு உடைஞ்சு சேர்ந்தது அக்கா. விழுந்துட்டேன்."

"எப்படி விழுந்தே?"

இழுத்த கதவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "தள்ளிவிட்டா விழத்தானே செய்வாங்க?"

அதற்கு மேல் கேள்வி எனக்கே வரவில்லை. அவளாகத்தான் சொன்னாள். கட்டினவன் வேறு ஊரில் இருக்கிறான். மாதம் ஒருமுறை, கோர்ட் சொன்ன பொது இடத்தில், கோர்ட் ஆள் பக்கத்தில் இருக்க, குழந்தையை மட்டும் பார்த்துவிட்டுப் போவான். வீடு எங்கே என்று அவனுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. "யாராவது என்னைக் கேட்டு வந்தா, இங்க அப்படி யாரும் இல்லன்னு சொல்லிடுங்கக்கா." சரி என்றேன். என் வாயில் தங்கிய முதல் சேதி அதுதான். எத்தனையோ பேரிடம் பேசும்போது நாக்கு நுனிவரை வந்து, தண்ணீர் குடித்து உள்ளே தள்ளியிருக்கிறேன்.

அந்த மணிக்கட்டால் ஈரத்துணி பிழிய முடியாது. அதனால்தான் அவள் துணியெல்லாம் எதிர்ச்சாரி லாண்டரிக்குப் போனது.

லாண்டரிக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கமான மனிதர். சட்டையைப் பார்த்தே சாப்பாட்டைக் கண்டுபிடித்துவிடுவார், ஆனால் வெளியே சொல்ல மாட்டார். எத்தனையோ தடவை கிண்டிப் பார்த்துவிட்டேன், பெயரவே இல்லை. வெகு காலமாக அவர் கடையில் ஒரே சட்டம்தான்: துணி வாங்கிக்கொண்டு ஒரு மஞ்சள் சீட்டு கொடுப்பார், அதே எண் போட்ட இன்னொரு மஞ்சள் சீட்டைத் துணியின் கழுத்துப்பட்டையில் பின் அடித்துவிடுவார். சீட்டைக் கொண்டுவருகிறவருக்குத் துணி. ஆனால் கொடுக்கும்போது கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள், அடுத்தவர் சட்டைக்கு ஆசைப்பட்டவன் அந்தப் பார்வையிலேயே ஓடிவிடுவான்.

இந்தக் கடைக்குத்தான் அவருடைய மாப்பிள்ளை இணையதளம் செய்து கொடுத்தார். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற மாப்பிள்ளை. மாமனாருக்கு ஏதாவது செய்யவேண்டும் என்ற ஆசை. வீட்டிலிருந்தே துணி எடுக்கச் சொல்லலாம், துவைத்தாயிற்றா என்று பார்க்கலாம். பெயர், போன் நம்பர், கட்டடம், மாடி, கதவு எண், வீட்டில் ஆள் இருக்கும் நேரம், கூடுதல் குறிப்பு, எல்லாவற்றுக்கும் கட்டம் கட்டமாக இடம். கடைசியில் 'உங்கள் தகவலைப் பாதுகாப்பது எங்கள் பொறுப்பு' என்று ஒரு நீளப் பக்கம். அதை முழுக்கப் படித்த ஒரே ஆள் நான்தான் என்று நினைக்கிறேன். நடுவில் 'உங்கள் கேக்கின் மேல் எழுதச் சொன்ன வாசகத்தை நாங்கள் எவருக்கும் விற்க மாட்டோம்' என்று வந்தது. ஏதோ ஒரு கேக் கடையிலிருந்து அப்படியே தூக்கி வைத்திருக்கிறார். விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்ததோடு சரி.

உள்ளே போகக் கடவுச்சொல் வேண்டாமா என்று மாமனார் கேட்டதற்கு, "எதுக்கு மாமா? பாதிப் பேர் மறந்துட்டேன்னு உங்களுக்குத்தான் போன் பண்ணுவாங்க. சீட்டு நம்பர் போட்டாப் போதும், அவங்க பக்கம் திறந்துக்கும்" என்றார் மாப்பிள்ளை. மாமனாருக்கு அது நியாயமாகப் பட்டது. கடையில் நடப்பதுதானே அங்கேயும் நடக்கப்போகிறது. மஞ்சள் சீட்டில் எண்ணுக்குக் கீழே தளத்தின் முகவரியையும் அச்சடித்தார்கள். கண்ணாடிக்கு மேலே பார்ப்பதற்கு அங்கே யாரும் இல்லை என்பது ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் சாயங்காலம் போர்வை வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை விருந்துக்கு வந்தவர், கல்லா மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லாண்டரிக்காரர் முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

"அக்கா, இன்னைக்கு நம்ம கடையில கூட்டம் அலைமோதுது!"

திரும்பிப் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டியும் நானும்தான் இருந்தோம்.

"இங்க இல்லக்கா, சைட்டுல. காலையிலேர்ந்து வந்து வந்து பாக்குறாங்களாம்."

"யாரு அப்படி வேலை வெட்டி இல்லாம?" என்று மடிக்கணினிக்குள் தலையை நுழைத்தேன். நுழைக்காமல் இருக்க முடியுமா? வந்தவர்கள் எந்தச் சீட்டைப் பார்த்தார்கள் என்று வரிசையாக ஓடியது. மேலிருந்து கீழ்வரை ஒரே எண்.

"என்ன தம்பி இது, ஊரே கூடி ஒரே சட்டையைப் பாக்குதா?"

மாப்பிள்ளை முகம் சுளித்தார். "ஒரே ஆளுதான் போல ஆன்ட்டி. திரும்பத் திரும்ப." என்னை ஆன்ட்டி என்று கூப்பிடும் ஒரே ஜீவன் அவர். இன்னொரு பக்கத்தைத் தட்டினார். "எங்கேர்ந்து பாக்குறாங்கன்னும் தெரியும். நேத்து வேற ஊரு. இன்னைக்குக் காலையில வர்ற வழியில ஒரு ஊரு. இப்போ..."

"இப்போ?"

"நம்ம ஊருதான்."

"யாரு சீட்டு அது?"

லாண்டரிக்காரர் உடனே விறைத்தார். "அக்கா, கஸ்டமர் விஷயம். அதெல்லாம் சொல்லக் கூடாது."

"ஊர்பேர் தெரியாதவன் காலையிலேர்ந்து பாக்குறான், நான் பாத்தா உங்களுக்குக் கௌரவக் குறைச்சலா? திறங்க தம்பி!"

மாப்பிள்ளை திறந்தார். எங்கள் கட்டடம், மூன்றாவது மாடி. கதவு எண். அவள் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம். கீழே 'கூடுதல் குறிப்பு' என்ற கட்டத்தில் அவள் எழுதியிருந்தது:

'மணி அடிக்க வேண்டாம். இரண்டு முறை தட்டிவிட்டு லாண்டரி என்று சொல்லவும். வேறு யாருக்கும் கதவு திறக்க மாட்டேன்.'

பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னக்கா, ஏன் உக்காந்துட்டீங்க?"

சொல்லிவிட்டேன். அத்தனை நாள் அடக்கி வைத்ததை இரண்டே வாக்கியத்தில். லாண்டரிக்காரர் கையிலிருந்த என் போர்வை அப்படியே மேசையில் சரிந்தது.

"ஆனா இவ வீட்டுக்கு நான் சனிக்கிழமைதானே போவேன்? இதுல இன்னைக்குன்னு போட்டிருக்கு?"

"நேரத்தைக் கஸ்டமரே மாத்திக்கலாம் மாமா. அது நான் புதுசா வச்ச வசதி." மாப்பிள்ளையின் குரல் கடைசி வார்த்தைக்கு வரும்போது தேய்ந்துபோனது. "இன்னைக்கு மாலைன்னு மாத்தியிருக்காங்க. மாத்தினா அவங்க போனுக்குத் தானா ஒரு செய்தி போயிருக்கும்."

"என்னன்னு?"

"'இன்று மாலை துணி எடுக்க எங்கள் ஆள் வருவார்'னு."

எவனோ ஒருவன் அவள் வீட்டு வாசலில் நின்று இரண்டு முறை தட்டுவான். ஒரு வார்த்தை சொல்வான். செய்திதான் வந்திருக்கிறதே என்று அவளும் துணிமூட்டையோடு வந்து திறப்பாள்.

லாண்டரிக்காரர் அவள் நம்பருக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. டாக்டர் அறைக்குள் போன் எடுத்துப்போக விடமாட்டார்கள். கைப்பைக்குள்ளேயே கிடக்கும். மறுபடி அடித்தார். நான் கடை வாசலுக்கு வந்து எதிரே பார்த்தேன். மூன்றாவது மாடியில் விளக்கு எரிந்தது. திரைக்குப் பின்னால் குருவியின் நிழல் குதித்துக் குதித்துப் போயிற்று. வந்துவிட்டார்கள்.

அப்போதுதான் அவனைப் பார்த்தேன். எங்கள் கட்டடத்து வாசலில், கையில் பெரிய வெள்ளைத் துணிப்பை. சலவை செய்த சட்டை, வாரிய தலை, பார்க்க லட்சணமானவன். கையிலிருந்த போனைப் பார்த்தான், நிமிர்ந்து மாடியைப் பார்த்தான், உள்ளே போனான்.

"அது நம்ம பை இல்லக்கா," என்றார் லாண்டரிக்காரர் பின்னாலிருந்து. "நம்ம பை நீலம்."

"தம்பி, நீங்க படியில ஓடுங்க. போய்க் கதவைத் திறக்காதேன்னு சொல்லுங்க. தட்டாதீங்க! தட்டினா திறந்துடுவா."

"தட்டாம எப்படி ஆன்ட்டி..."

"வாயில்லையா உங்களுக்கு? கத்துங்க!"

மாப்பிள்ளை ஓடினார். நான் லிஃப்டைப் பார்த்து ஓடினேன். ஓடினேன் என்பது என் கணக்கு.

அவன் உள்ளே நின்று கதவை இழுக்கப் போனான். நான் கையை நீட்டி நுழைந்துகொண்டேன். மரியாதையாக நகர்ந்து இடம் விட்டான்.

"எத்தனாவதுங்க?"

"ரெண்டு," என்றேன். "நீங்க?"

"மூணு."

லிஃப்ட் முனகிக்கொண்டே ஏறியது. இவ்வளவு பக்கத்தில் அவனை நிறுத்தி வைத்துக்கொண்டு எனக்கு ஒரு கேள்விகூட வரவில்லை. அவன் நெற்றியில் வேர்வை இல்லை. பைக்குள் ஒன்றும் இல்லை, தட்டையாகத் தொங்கியது. சட்டைப்பையின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு துண்டு எட்டிப் பார்த்தது.

இரண்டாவது மாடி வந்தது. கதவை இழுத்தேன். ஒரு காலை வெளியே வைத்தேன். பிறகு, பழக்கம் இருக்கிறதே, அது என்னைக் காப்பாற்றியது.

"லாண்டரியா தம்பி?"

"ஆமாங்க."

"புதுசா? முன்னாடி பாத்ததில்லையே?"

"புதுசுதாங்க. கதவை விட்டீங்கன்னா..."

"விடுறேன், விடுறேன். எனக்கும் ஒரு போர்வை போடணும். என்ன ரேட்டு வாங்குறீங்க?"

"கடையில கேட்டுக்குங்க."

"கடையில கேட்டா ஒண்ணு சொல்வாரு, வீட்டுக்கு வந்தா ஒண்ணு சொல்வாரு. சொந்த ஊரு எது உங்களுக்கு?"

"அம்மா, எனக்கு நேரமாச்சு."

"எல்லாருக்கும்தான் நேரமாச்சு. கல்யாணம் ஆயிடுச்சா?"

அவன் கண் மாறியது. அதுவரை என்னை ஒரு தொந்தரவாகப் பார்த்தவன், இப்போது என்னையே பார்த்தான். மேலே மாப்பிள்ளையின் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டினேன். ஒன்றும் இல்லை. மனிதர் எந்தப் படியில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறாரோ.

"காலை எடுங்க," என்றான்.

"குழந்தைங்க இருக்கா?"

"காலை எடுன்னு சொன்னேன்."

கம்பிக் கதவைப் பிடித்து இழுத்தான். என் கணுக்காலில் அடித்தது. எடுக்கவில்லை. தைரியம் என்று நினைக்காதீர்கள். கால் மரத்துப்போயிருந்தது. இன்னொரு முறை இழுத்தான். பிறகு வெறுத்துப்போய், என்னைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு வெளியே வந்து படியில் ஏறினான். நான் சுவரில் மோதி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

வளைவில் திரும்பும்போது கேட்டது. டக், டக்.

"லாண்டரி."

அவ்வளவு இதமாகச் சொன்னான்.

உள்ளே குழந்தை ஓடிவரும் காலடிச் சத்தம். "அம்மா, லாண்டரி மாமா!"

தாழ்ப்பாள் அசையும் ஓசை கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்டது வேறு. மேல் படிக்கட்டில், ஒரு மாடி தாண்டிப்போய்த் திரும்பி ஓடிவந்த மாப்பிள்ளை, கட்டடமே அதிரும்படிக் கத்தினார்: "மேடம், திறக்காதீங்க! லாண்டரி நாங்க! அது நாங்க இல்ல!"

காலடிச் சத்தம் நின்றது. உள்ளே யாரோ குழந்தையை வாரித் தூக்கும் அரவம். அப்புறம் ஏதோ கனமான சாமானைக் கதவுக்கு இழுக்கும் சத்தம்.

மாடியெங்கும் கதவுகள் திறந்தன. இந்தக் கட்டடத்தில் சண்டை என்றால் யாரும் தூங்க மாட்டார்கள். எல்லாம் என் பயிற்சி. ஒருத்தர் போனைத் தூக்கிப் படம் பிடிக்க ஆரம்பித்தார். அதற்குள் லாண்டரிக்காரர் முட்டிவலியோடு ஏறி வந்துவிட்டார், கையில் நீலப் பை. கண்ணாடிக்கு மேலே அந்தப் பார்வை.

"லாண்டரி நான்தான். நீங்க யாரு?"

அவன் மூடிய கதவைப் பார்த்துத்தான் பேசினான், உள்ளே கேட்கட்டும் என்று.

"இன்னைக்கு இல்லன்னா இன்னொரு நாள். வீடு எங்க ஓடிடப் போகுது?"

பிறகு நிதானமாகப் படியிறங்கிப் போனான். யாரும் தடுக்கவில்லை. அத்தனை பேர் இருந்தும் எல்லாரும் சுவரோடு ஒட்டி வழிதான் விட்டோம்.

அவள் உள்ளிருந்தே போலீசுக்குப் போன் செய்திருந்தாள். அவர்கள் வந்து, கேட்டு, எழுதி, படம் பிடித்தவரின் போனை வாங்கிப் பார்த்து, கோர்ட்டுக்குச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போன பிறகுதான் கதவு திறந்தது. அலமாரியை நகர்த்தி வைத்திருந்தாள். அந்த மணிக்கட்டோடு.

மாப்பிள்ளை வாசலிலேயே மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். "மேடம், பக்கத்தை எடுத்துட்டேன். இனிமே யாரும் பாக்க முடியாது. அரை நிமிஷ வேலைதான்."

"அரை நிமிஷ வேலையா?" என்றார் லாண்டரிக்காரர். மாப்பிள்ளையிடம் அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அன்றும் உயரவில்லை. "அவன் தலையிலேர்ந்து எப்படி எடுப்பீங்க மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை மடிக்கணினியை மூடினார்.

சீட்டு எப்படிப் போயிற்று என்பதைக் குருவிதான் சொன்னது. போன முறை அப்பாவைப் பார்த்தபோது விளையாடி வேர்த்துவிட்டதாம். ஸ்வெட்டரைக் கழற்றியதாம். "அப்பாதான் மடிச்சுக் குடுத்தாரு. கழுத்துல குத்துதான்னு கேட்டு மஞ்சள் பேப்பரை எடுத்துவிட்டாரு."

அந்தப் பெண் லாண்டரிக்காரரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு ஆறியிருக்கும்.

"நான் எழுதினது உங்களுக்கு மட்டும்தானே அண்ணா?" என்றாள். அவ்வளவுதான்.

அவர் நீலப் பையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

வேறு வழி இல்லை. தெரிந்துபோன வீடு தெரிந்துபோனதுதான். அதற்கப்புறம் அந்தக் கதவை யார் தட்டினாலும் குழந்தை கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. வாரக் கடைசியில் ஒரு சின்ன வண்டி வந்தது. மூட்டைகளை நானும் லாண்டரிக்காரரும் இறக்கினோம். லிஃப்ட் கதவை அன்று நானே இழுத்து இழுத்துச் சாத்தினேன். எங்கே போகிறாள் என்று நான் கேட்கவில்லை. வண்டி ஓட்டி வந்தவரிடமாவது கேட்டிருக்கலாம். பார்த்தால் கேட்டதைச் சொல்லும் முகம்தான். என் கையை நானே கிள்ளிக்கொண்டு நின்றேன்.

இப்போது தளத்தில் கடவுச்சொல் இல்லாமல் ஒன்றும் நடக்காது. சீட்டு எண்ணை மட்டும் போட்டால் எவருக்கும் முகவரி தெரியாது. கூடுதல் குறிப்பு என்ற கட்டத்தையே மாப்பிள்ளை தூக்கிவிட்டார். துணியில் அடிக்கும் எண் வேறு, கையில் கொடுக்கும் எண் வேறு. கேக்கையும் எடுத்துவிட்டார். பாதிப் பேர் கடவுச்சொல் மறந்துவிட்டது என்று மாமனாருக்குத்தான் போன் செய்கிறார்கள். அவரும் ஒவ்வொருத்தருக்கும் பொறுமையாகப் பதில் சொல்கிறார்.

குருவியின் இன்னொரு ஸ்வெட்டர் கடையிலேயே தங்கிவிட்டது. அவசரத்தில் விட்டுப்போனது. அனுப்பலாம் என்றால் எங்கே அனுப்புவது? துவைத்து, சீட்டு எதுவும் அடிக்காமல், உள் அலமாரியில் தனியாகத் தொங்கவிட்டிருந்தார்.

வெகு நாள் கழித்து ஒரு பெண்மணி வந்தாள். நான் அப்போது கடையில்தான் இருந்தேன். எப்போது இல்லை? மூன்றாவது மாடிப் பெண்ணின் அக்கா என்றாள். ஸ்வெட்டரைக் கேட்டாள். ஜாடை அப்படியே இருந்தது. ஆனாலும் லாண்டரிக்காரர் அசையவில்லை.

"அந்தப் பேர்ல இங்க துணி எதுவும் இல்லீங்களே," என்றார் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு.

"அவ சொன்னா, இப்படித்தான் சொல்வீங்கன்னு. ரெண்டாவது மாடி அக்காகிட்ட கேக்கச் சொன்னா. மூணாவது பட்டன் மட்டும் வேற நிறம், அவங்க தைச்சதுன்னு."

தைத்தது நான்தான். வீட்டில் அந்த நிறம் இல்லை. லாண்டரிக்காரர் என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினேன். எடுத்துக் கொடுத்தார்.

அவள் ஸ்வெட்டரைப் பையில் வைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள். "உங்களைப் பத்தி நிறையச் சொன்னா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க அக்கா. இப்போ அவங்க இருக்கிறது..."

"வேண்டாம், வேண்டாம்!" என்று அவள் வாயைப் பொத்தாத குறையாகக் கத்தினேன். "சொல்லிடாதீங்கம்மா. என் வாய் சும்மா இருக்காது."

லாண்டரிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் போன பிறகு நான் கடை வாசலுக்குக்கூட வரவில்லை. வந்தால் எந்தப் பேருந்தில் ஏறுகிறாள் என்று பார்த்துவிடுவேன். இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு, அவள் தெருமுனை திரும்பியிருப்பாள் என்று தோன்றும்வரை, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.